கட்-ஆஃப் பார்த்தாச்சு... க்ளைமேட் பார்த்தாச்சா?

மே மாதம் வந்தால் தமிழ்நாட்டில் இரண்டு விஷயங்கள் உச்சத்துக்குப் போகும். ஒன்று கத்திரி வெயில். இன்னொன்று ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் நடக்கும் காலேஜ் பேச்சு. எந்தக் காலேஜ், என்ன கோர்ஸ், ஃபீஸ் எவ்வளவு, பிளேஸ்மென்ட் உண்டா, ஹாஸ்டல் சாப்பாடு எப்படி, ராகிங் இருக்குமா, பஸ் வருமா... கேள்விகள் நீண்டுகொண்டே போகும். அப்பா ஒரு நோட்டில் எழுதிவைப்பார், மாமா போனில் சொல்வார், பக்கத்து வீட்டு அண்ணன் தன் காலேஜ்தான் உலகத்திலேயே சிறந்தது என்பார்.

இத்தனை கேள்விகளில் ஒன்று மட்டும் கடைசிவரை வராது. அந்த ஊரில் வெயில், மழை, குளிர் எப்படி?

வந்தாலும் ஒரு வரியில் முடிந்துவிடும். "அங்க குளிரு பயங்கரமா இருக்கும்லா?" என்று அம்மா கேட்பார். "அதெல்லாம் பழகிரும்" என்று யாராவது பதில் சொல்வார்கள். அவ்வளவுதான், அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள்.

யோசித்துப் பார்த்தால் இது வேடிக்கைதான். இரண்டு நாள் குற்றாலம் போவதென்றால் சீசன் ஆரம்பித்துவிட்டதா, அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று நாலு பேரிடம் விசாரிக்கிற ஊர் இது. கார்த்திகையில் கல்யாணம் வைத்தால் மழைக்குப் பயந்து பந்தலா மண்டபமா என்று பேசுகிற ஊர். அதே வீட்டில் மூன்று வருடம் பிள்ளை தங்கிப் படிக்கப் போகிற ஊரைப் பற்றி "பழகிரும்" என்ற ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

அந்த வார்த்தை உண்மையா? பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் பிரச்சினை இருக்கிறது.

எது பழகும், எது பழகாது

மனித உடம்பு ஓரளவு கெட்டிக்காரத்தனமானது. குளிர்ந்த ஊரிலிருந்து வெயில் ஊருக்குப் போனால் முதல் சில நாள் தலை சுற்றும், தூக்கம் வராது. ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு சீக்கிரமே வியர்க்கக் கற்றுக்கொள்ளும், வியர்வையில் போகும் உப்பும் குறையும். வேலூர் வெயிலில் வடகிழக்கு மாநிலப் பையன்கள் கிரிக்கெட் ஆடுவதற்கு இதுதான் காரணம். குளிரும் அப்படித்தான். சரியான உடுப்பு, போர்வை, வெந்நீர் இருந்தால் இரண்டாவது குளிர்காலம் முதல் குளிர்காலத்தைப் போலப் பயமுறுத்தாது.

ஆனால் புகை? நுரையீரல் புகைக்குப் பழகுவதில்லை. இருமல் நின்றுவிட்டது என்றால் பழகிவிட்டது என்று அர்த்தமில்லை. வெள்ளம்? இடுப்பளவுத் தண்ணீரில் யாரும் பழகி நடப்பதில்லை. மலைச்சாலையில் மண் சரிந்தால் மூன்றாம் வருட மாணவனுக்கும் முதல் வருட மாணவனுக்கும் ஒரே மாதிரிதான் வழி அடைபடும்.

ஆக, ஒரு ஊரின் பருவநிலையை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெப்பமும் குளிரும் காலமும் கொஞ்சம் பணமும் செலவழித்தால் பழகுபவை. புகை, வெள்ளம், மண்சரிவு ஆகியவை பழகாதவை. பழகாதவற்றைக் காலேஜும் ஹாஸ்டலும் எப்படிச் சமாளிக்கின்றன என்று முன்கூட்டியே விசாரித்துத்தான் ஆகவேண்டும்.

இதைச் சும்மா சொன்னால் புரியாது. ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்ளலாம். தென்காசிப் பக்கம் ஒரு ஊர். ப்ளஸ் டூவில் காமர்ஸ் எடுத்து நல்ல மார்க். பி.காம். சேரவேண்டும். சின்ன வயதில் அடிக்கடி வீசிங் வந்து நெபுலைசர் வைத்த பிள்ளை. இப்போது வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் வரும். அவள் கையில் நான்கு வழிகள் இருக்கின்றன: சென்னை, கோயமுத்தூர், ஊட்டி, டெல்லி.

சென்னை: பரிட்சையும் மழையும் ஒரே மாதத்தில்

ஜூனில் தென்காசியில் சாரல் அடிக்கும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று ஊரையே குளுகுளுவென்று வைத்திருக்கும். அந்த நேரத்தில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி மறுநாள் காலை சென்னையில் இறங்கினால் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பதுபோல இருக்கும். கத்திரி முடிந்தும் சென்னையில் ஜூன் மாதம் 37, 38 டிகிரி சாதாரணம். சென்னையின் உச்சம் 45 டிகிரி, 2003 மே 31 அன்று பதிவானது.

மதுரையிலும்தான் வெயில் அடிக்கிறது, சென்னையில் என்ன விசேஷம்? கடல். காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஈரக் காற்றில் அது காயாமல் உடம்பிலேயே வழிந்துகொண்டிருக்கும். அதனால் ஒரே டிகிரி என்றாலும் சென்னையில் இரவில் தூங்குவது கஷ்டம். அதிலும் ஹாஸ்டலில் மேல்மாடி அறை கிடைத்தால், பகல் முழுக்கச் சூடான கான்கிரீட் தளம் ராத்திரி முழுக்க அந்தச் சூட்டைக் கீழே இறக்கும். மூன்று பேருக்கு ஒரு ஃபேன்.

ஆனாலும் இது பழகும் ரகம். பழகாத ரகம் அக்டோபரில் வருகிறது.

தமிழ்நாட்டுக்கு வருடத்தில் கிடைக்கும் மழையில் ஏறக்குறையப் பாதி, வடகிழக்குப் பருவமழையில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிடைக்கிறது. சென்னைக்கு வருடத்துக்குச் சுமார் 140 செ.மீ. மழை. அதில் பாதிக்கும் மேல் அந்த மூன்று மாதத்தில் கொட்டிவிடும். இங்கே காலேஜ் காலண்டரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒற்றைப்படை செமஸ்டர் ஜூன், ஜூலையில் ஆரம்பித்து நவம்பர் வாக்கில் பரிட்சையோடு முடிகிறது. மாடல் எக்ஸாம், ப்ராக்டிகல், செமஸ்டர் பரிட்சை எல்லாம் அடைமழைக் காலத்தில்தான்!

2015 நவம்பரில் ஆரம்பித்த மழை டிசம்பர் 1, 2 தேதிகளில் உச்சத்துக்குப் போனது. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பெய்தது. அடையாறு கரை புரண்டது, விமான நிலையம் மூடப்பட்டது, பல்கலைக்கழகத் தேர்வுகள் தள்ளிப்போயின. அடுத்த வருடம் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் பல நாள் தண்ணீர் வடியவில்லை. 2015 ஜூனில் சென்னையில் பி.காம். சேர்ந்த ஒருவர் முதல் வருடம் வெள்ளத்தையும், இரண்டாம் வருடம் புயலையும் பார்த்துவிட்டுத்தான் 2018இல் டிகிரி வாங்கியிருப்பார்.

மழை வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. 2019 கோடையில் சென்னை ஏரிகள் வற்றி, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. ஹாஸ்டலில் குளிக்க ஒரு வாளித் தண்ணீர் என்று கணக்குப் போட்ட காலம் அது.

கோயமுத்தூர்: பெயர் ஒன்று, மாதம் இன்னொன்று

கோயமுத்தூர் என்றாலே "நல்ல க்ளைமேட்" என்று எல்லோரும் சொல்வார்கள். பொய் இல்லை. ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் என்று ஒரு பெரிய இடைவெளி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கேரளத்து மழைக்காற்று அந்த வழியாக வந்து ஊரைக் குளிர்விக்கும். தென்காசிப் பிள்ளைக்குச் சொந்த ஊரில் இருப்பதுபோலவே இருக்கும். சென்னையை விட மழையும் குறைவு.

ஆனால் அந்தப் பெயர் வருடம் முழுவதற்கும் பொருந்தாது. மார்ச், ஏப்ரலில் அங்கும் வெயில் 36, 37 என்று ஏறும். இரட்டைப்படை செமஸ்டரின் கடைசிப் பாடங்களும் பரிட்சையும் அந்த மாதங்களில்தான். "குளுகுளு கோவை" என்று நம்பி வந்தவர்கள் ஏப்ரலில் ஏமாறுவார்கள். என்றாலும் பழகாத ரகம் அங்கு ஒப்பீட்டில் குறைவு.

ஊட்டி: பார்க்கப் போகிற மாதம் ஏமாற்றும்

ஊட்டியில் படிக்க முடியுமா என்று சிலர் ஆச்சரியப்படுவார்கள். அரசு கலைக் கல்லூரி 1955 முதல் அங்கே இருக்கிறது. சுமார் 2,240 மீட்டர் உயரம். அரசுக் கல்லூரி என்பதால் ஃபீஸ் குறைவு.

அட்மிஷனுக்காக மே மாதம் ஊட்டி போகும் குடும்பம் மயங்கிவிடும். கீழே மேட்டுப்பாளையத்தில் கொளுத்துகிறது, மேலே மலர்க் கண்காட்சி நடக்கிறது. "இங்கேயே படிச்சிரலாம்" என்று தோன்றாதா என்ன? ஆனால் ஜூலை, ஆகஸ்டில் துணி காயாது. ஈரச் சாக்ஸோடு வகுப்புக்குப் போகவேண்டும். டிசம்பர், ஜனவரியில் புல்லின்மேல் உறைபனி விழும். இவை பழகுபவை.

பழகாதது மலைச்சாலை. 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், சாலைகள் துண்டிக்கப்பட்டன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்தது. மழை நாட்களில் மாவட்ட நிர்வாகம் விடுமுறை விடும், நல்லதுதான். ஆனால் தீபாவளிக்கு ஊருக்குப் போன பிள்ளை மறுபடி மேலே வருவதற்குச் சாலை திறக்கவேண்டுமே.

எந்த ஊராக இருந்தாலும் காலேஜ் பார்க்கப் போகிற நாள் அந்த ஊரின் ஒரு நாள் மட்டுமே. மே மாதம் பார்த்தால் சென்னையும் டெல்லியும் மிக மோசமாகத் தெரியும், ஊட்டி மிக அழகாகத் தெரியும். மூன்றும் வருடம் முழுக்க அப்படி இல்லை.

டெல்லி: நான்கு பருவமும், ஐந்தாவதாகப் புகையும்

காமர்ஸ் மாணவர்களுக்கு டெல்லி மேல் ஒரு கண் எப்போதும் உண்டு. 1926இல் தொடங்கிய ஸ்ரீராம் காலேஜ் ஆஃப் காமர்ஸ் போன்ற கல்லூரிகள் அங்கே இருப்பதுதான் காரணம். டெல்லிப் பல்கலைக்கழகம் 2022 முதல் க்யூட் நுழைவுத் தேர்வு மூலம் இளங்கலை சேர்க்கை நடத்துகிறது.

தென்காசிப் பெண்ணுக்கு அங்கே இடம் கிடைத்தால் என்ன ஆகும்? மே, ஜூனில் 45 டிகிரி. ஜூலை, ஆகஸ்டில் புழுக்கமும் மழையும். டிசம்பர் கடைசியில் மூடுபனி, ஜனவரியில் கடுங்குளிர். 2021 ஜனவரி 1 அன்று சஃப்தர்ஜங் நிலையத்தில் 1.1 டிகிரி பதிவானது. தென்காசியில் ஸ்வெட்டரே வாங்கியிராத பிள்ளைக்கு தெர்மல் உள்ளாடை, ஜாக்கெட், கனமான ரஜாய், ஷூ, சாக்ஸ் எல்லாம் முதல் செமஸ்டரிலேயே வாங்கவேண்டும். பல ஹாஸ்டல்களில் அறைக்குள் ஹீட்டர் வைக்க அனுமதியும் இருக்காது. மூடுபனியில் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். சென்னையிலிருந்து டெல்லிக்கே ஒன்றரை நாள் பயணம், அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

இதுவரை சொன்ன எல்லாமே பெரும்பாலும் பழகுபவை, காசு கொடுத்துச் சமாளிக்கக்கூடியவை. தீபாவளிக்கு முன்னும் பின்னும் வரும் புகை அப்படி அல்ல.

அக்டோபர் கடைசியில் பஞ்சாப், ஹரியானா வயல்களில் நெல் அறுத்த தாளை எரிக்கிறார்கள். அதோடு டெல்லியின் வண்டிப் புகை, கட்டடத் தூசி, பட்டாசுப் புகை. அந்தப் பருவத்தில் காற்று வேகம் குறைவு. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கீழேயே தங்கிவிடும், அதற்கு மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று பாத்திரத்துக்கு மூடி போட்டதுபோல மூடிவிடும். புகை மேலே போக வழி இல்லை. காற்றுத் தரக் குறியீட்டில் 50 வரை நல்லது, 400-ஐத் தாண்டினால் மிகக் கடுமை. 2024 நவம்பர் 18 அன்று டெல்லியில் அது 490-ஐத் தாண்டியது. டெல்லிப் பல்கலைக்கழகம் சில நாட்களுக்கு வகுப்புகளை ஆன்லைனுக்கு மாற்றியது.

ஆன்லைனில் நடந்தால் என்ன, ஹாஸ்டல் அறையில் இருந்து பார்க்கலாமே என்று தோன்றும். அதே காற்றைத்தான் ஹாஸ்டல் அறையிலும் சுவாசிக்கவேண்டும்! வீசிங் உள்ள பிள்ளைக்கு இது "பழகிரும்" என்று சொல்லக்கூடிய விஷயமே இல்லை.

அதே டெல்லியில் 2024 ஜூலை 27 அன்று நடந்ததையும் மறக்கக்கூடாது. பழைய ராஜிந்தர் நகரில் ஒரு பயிற்சி மையத்தின் தரைக்குக் கீழே இருந்த நூலகத்துக்குள் மழைவெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். மழை எல்லா ஊரிலும் பெய்கிறது. கட்டடமும் வடிகாலும் எப்படி இருக்கின்றன என்பதில்தான் உயிரே இருக்கிறது.

காமர்ஸ் கணக்கு

பி.காம். முதல் வருடத்தில் ஒன்று சொல்லித்தருவார்கள்: கண்ணுக்குத் தெரிகிற செலவு வேறு, மறைந்திருக்கும் செலவு வேறு. காலேஜ் பிராஸ்பெக்டஸில் டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ், மெஸ் ஃபீஸ் இருக்கும். வெயிலும் மழையும் வாங்கும் ஃபீஸ் எந்தப் பக்கத்திலும் இருக்காது.

முதலில் பணம். ஏசி அறைக்கும் சாதா அறைக்கும் உள்ள வித்தியாசம், குளிர் உடுப்பு, வெயில் காலத்தில் வாங்கிக் குடிக்கும் தண்ணீர், மழைக்காலக் காய்ச்சலுக்கு டாக்டர் செலவு. பரிட்சை தள்ளிப்போனால் ரயில் டிக்கெட்டை ரத்து செய்கிற செலவு. ரயிலில் இப்போது 60 நாளுக்கு முன்பே முன்பதிவு திறக்கிறது. டிசம்பர் முதல் வாரம் பரிட்சை முடியும் என்று நம்பி அக்டோபரில் எடுத்த டிக்கெட் புயலோடு போய்விடும். கடைசி நேரத்தில் தட்கலோ, ஆம்னி பஸ்ஸோ.

அடுத்து நாட்கள். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால், 75 சதவீத வருகைக்கு 68 நாள் வரவேண்டும். கையில் இருப்பது 22 நாள். ஊருக்குப் போவது, காய்ச்சல், அக்கா கல்யாணம் எல்லாம் இதற்குள்தான். இதில் மழை எத்தனை நாளைத் தின்னும்? கலெக்டர் விடுமுறை அறிவித்தால் பிரச்சினை இல்லை, சனிக்கிழமை வகுப்பு வைத்துச் சரிக்கட்டுவார்கள். விடுமுறை விடாத மழை நாட்கள்தான் ஆபத்து. ஹாஸ்டல் மாணவி நடந்து வகுப்புக்குப் போய்விடுவாள். 30 கிலோமீட்டர் தள்ளியிருந்து இரண்டு பஸ் மாறி வரும் டே ஸ்காலருக்கு அன்று ஆப்சென்ட்.

யார் இந்தச் செலவைக் கட்டுகிறார்கள் என்பதும் முக்கியம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஏசி அறை, ஏர் ப்யூரிஃபையர், விமான டிக்கெட். அவனுக்கு எந்த ஊரும் ஏறக்குறைய ஒரே ஊர்தான். கல்விக் கடனில் படிக்கிற, வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிற பிள்ளைக்கு வானிலை முழு எடையோடு வந்து விழும். ஆகவே "க்ளைமேட் பார்ப்பதெல்லாம் பணக்காரப் பேச்சு" என்று நினைப்பது தலைகீழ். பணம் இல்லாதவர்கள்தான் இதை முதலில் பார்க்கவேண்டும்.

இன்னொரு பக்கம்

இதையெல்லாம் படித்துவிட்டு "பேசாமல் உள்ளூர் காலேஜிலேயே சேர்ந்துவிடலாம்" என்று யாராவது முடிவெடுத்தால் அதுவும் தப்பு. உள்ளூருக்கும் வானிலை உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது டெல்டா கிராமங்கள் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. அதுவும் அரையாண்டுத் தேர்வு, செமஸ்டர் காலம்தான்.

அதோடு வேறு ஒரு விஷயமும் நடக்கிறது. "அங்க குளிரும்" என்ற வார்த்தை பல வீடுகளில் வானிலையைப் பற்றிய வார்த்தையே இல்லை. பையனுக்கு டெல்லியில் இடம் கிடைத்தால் "நாலு ஊரு பாக்கட்டும், பழகிரும்" என்பார்கள். பெண்ணுக்குக் கிடைத்தால் அதே குளிர் திடீரென்று பெரிய ஆபத்தாகிவிடும். "பொம்பளப் பிள்ளை, குளிரு தாங்க மாட்டா." குளிர் பார்த்து ஆண் பெண் என்று பிரித்து அடிப்பதில்லை. அனுப்ப மனமில்லாததற்கு வானிலையைச் சாக்காக வைக்கிறார்கள், அவ்வளவே. எது பழகும், எது பழகாது என்று பிரித்துப் பேசத் தெரிந்த பெண், "ஸ்வெட்டர் வாங்கிக்கிடலாம்பா" என்று அந்த இடத்திலேயே பதில் சொல்லலாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. வீசிங் இருப்பதைச் சொன்னால் எங்கேயும் அனுப்பமாட்டார்கள் என்று பயந்து, பிள்ளைகள் அதை மறைக்கிறார்கள். காலேஜ் மெடிக்கல் ஃபார்மில்கூட "இல்லை" என்று டிக் அடிக்கிறார்கள். நவம்பரில் ஒரு ராத்திரி மூச்சு முட்டும்போது ரூம்மேட்டுக்கு இன்ஹேலர் எந்தப் பையில் இருக்கிறது என்று தெரியாது. வீட்டில் இதை வெளிப்படையாகப் பேசமுடிந்தால்தான் பிள்ளையும் உண்மையைச் சொல்லும். "வீசிங் இருக்கு, அதனால எங்கயும் போகாதே" என்பதற்கும், "வீசிங் இருக்கு, அதனால எந்த ஊரு, எந்த ஹாஸ்டல்னு பாத்துப் போவோம்" என்பதற்கும் இடையில் அந்தப் பிள்ளையின் மூன்று வருடம் இருக்கிறது.

வேற்று வானிலையில் வாழ்வதால் லாபமும் உண்டு. காமர்ஸ் படிப்பவர்களுக்குக் கூடுதல் லாபம். டெல்லியில் நவம்பரில் தெருவோரம் ஸ்வெட்டர் கடைகள் முளைப்பதையும், ஊட்டிக் கடைக்காரர் மே மாத வியாபாரத்தை நம்பி மழைக்காலத்தைத் தள்ளுவதையும், சென்னையில் மார்ச் வந்ததும் ஏசிக்குத் தவணை விளம்பரம் வருவதையும் நேரில் பார்த்தவருக்கு "சீசனல் டிமாண்ட்" என்ற பாடத்தை மனப்பாடம் செய்யவேண்டியதில்லை.

என்ன கேட்கலாம்?

காலேஜைத் தேர்ந்தெடுக்கும்போது கீழே உள்ள கேள்விகளையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்:

1. இந்திய வானிலை ஆய்வுத் துறை பல ஊர்களுக்கு மாதவாரிச் சராசரி வெப்பநிலையும் மழையளவும் வெளியிடுகிறது. அதைக் காலேஜ் காலண்டருக்குப் பக்கத்தில் வைத்து, பரிட்சை மாதத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும்.

2. அங்கே படிக்கும் சீனியரிடம் "க்ளைமேட் எப்படி?" என்று கேட்டால் "சூப்பர்" என்று மட்டும்தான் பதில் வரும். "போன நவம்பர்ல எத்தனை நாள் காலேஜ் நடக்கல? கேட் வாசல்ல தண்ணி நிக்குமா?" என்று கேட்டால் உண்மை வரும்.

3. ஹாஸ்டலில் முதல் வருடத்துக்கு எந்த மாடி தருகிறார்கள்? மொட்டைமாடிக்கு அடியிலா? தரைத்தளம் என்றால் தண்ணீர் புகுமா? கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா? கோடையில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

4. புயல், புகைக் காலத்தில் ஹாஸ்டலை மூடிவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்வார்களா? அப்படியானால் தூரத்து ஊர்ப் பிள்ளை எங்கே போவது?

5. ஆஸ்துமா, சைனஸ், மைக்ரேன் இருந்தால் குடும்ப டாக்டரிடம் ஊர்ப் பெயரையும் மாதத்தையும் சொல்லிக் கேட்கவேண்டும். பக்கத்தில் 24 மணி நேர ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?

இந்தக் கேள்விகளைக் கேட்க ஒரு ரூபாய்கூட ஆகாது. இரண்டு போன் கால் போதும்.

கடைசியில் தென்காசிப் பெண் எங்கே சேர்வாள்? அது அவள் மார்க்கையும், வீட்டுப் பணத்தையும், டாக்டர் சொல்வதையும் பொறுத்தது. டாக்டர் டெல்லி நவம்பர் வேண்டாம் என்றால், கோயமுத்தூரில் படித்துவிட்டு மேற்படிப்புக்கு வேறு ஊர் யோசிக்கலாம். மருந்தோடும் முன்னெச்சரிக்கையோடும் போகலாம் என்றால், ரஜாய் வாங்கப் பணம் எடுத்து வைத்துவிட்டு தைரியமாக டெல்லிக்கு ரயில் ஏறலாம். சென்னை என்றால் தரைத்தள அறையா என்று கேட்டுவிட்டு, டிசம்பர் டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப் போடலாம். எந்த முடிவும் தப்பில்லை, தெரிந்து எடுத்தால்.

நல்ல காலேஜ் கிடைத்திருக்கும்போது வெயில் அடிக்கிறது என்று வேண்டாம் சொல்வது முட்டாள்தனம். அதே நேரம், மூச்சுத் திணறும் பிள்ளையைப் "பழகிரும்" என்று சொல்லிப் புகைக்குள் அனுப்புவதும் சரியில்லை. அப்பா எழுதும் அந்த நோட்டில் கட்-ஆஃப், ஃபீஸ், பிளேஸ்மென்ட் என்று கோடு போட்டிருப்பார் அல்லவா? பக்கத்தில் இன்னும் ஒரு கோடு போட்டு, மேலே "நவம்பர்" என்று எழுதிக்கொள்ளட்டும் :)